காலாண்டுக்குப் பிறகு தலைமையாசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதிலிருந்து அரையாண்டுத் தேர்வு முடியும் வரை உள்ள நாட்கள்தான் சென்னைப் பள்ளிகளுக்கு மிகக் கனமானவை. ஜூன் மாதத்து உற்சாகம் வடிந்திருக்கும், பொதுத்தேர்வு பயம் இன்னும் பிடித்திருக்காது. நடுவில் வடகிழக்குப் பருவமழை வேறு. புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமையாசிரியர்கள், முன்பு நாங்கள் செய்த அதே தவறுகளை இந்த மாதங்களில்தான் திரும்பச் செய்கிறார்கள். ஆசிரியரைப் பிள்ளைகள் முன் திட்டக்கூடாது என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுவோம்.

தேர்ச்சி விழுக்காட்டைக் கூட்டத்தில் வாசிப்பது

மதிப்பெண் பதிந்து முடித்ததும் ஸ்டாஃப் மீட்டிங். பத்தாம் வகுப்பு கணக்கு, 'ஏ' பிரிவு 92.5, 'பி' பிரிவு 85 என்று தலைமையாசிரியர் வாசிப்பார். குறைந்தவர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். இதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. ஒரு மணி நேரக் கூட்டம் மீதி ஆண்டையே கெடுத்துவிடும்.

40 பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 2.5 விழுக்காடு. 92.5க்கும் 85க்கும் இடையில் இருப்பது மூன்றே பிள்ளைகள். ஒருவன் ஆகஸ்டில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவன், ஒருவன் காய்ச்சலில் இரண்டு வாரம் வராதவன், ஒருத்தி தேர்வன்று தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டவள் என்று இருக்கலாம். அந்த 85இல் ஆசிரியரின் உழைப்பு எங்கே தெரிகிறது?

நின்று காரணம் சொன்னவர் மறுபடி நிற்க விரும்பமாட்டார். அரையாண்டில் 31 வாங்க வேண்டிய தாள் 35 வாங்கும். எந்தக் கேள்வி வரும் என்பது முந்தின நாளே வகுப்பில் கசியும். விழுக்காடு ஏறியதைப் பார்த்துத் தலைமையாசிரியர் மகிழ்வார். ஜனவரி திருப்புதல் தேர்வில் உண்மை வெளியே வரும்போது, பொங்கல் விடுமுறையும் கழிந்து, மார்ச்சுக்கு ஆறேழு வாரம்தான் மீதி இருக்கும். அதைவிடப் பெரிய கேடு, அடுத்த ஆண்டு 'பி' பிரிவை எடுக்க அனுபவமுள்ளவர் யாரும் முன்வரமாட்டார். அதிக உதவி தேவைப்படும் பிள்ளைகள் நேற்று வேலைக்குச் சேர்ந்தவரிடம் போய்ச் சேருவார்கள்.

கூட்டத்துக்குப் பதிலாக ஒவ்வொருவரோடும் தனியாகப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள், விடைத்தாள் கட்டோடு. நாளைக்கு இரண்டு பேர் என்றால் இருபது ஆசிரியர்களை இரண்டு வாரத்தில் பார்த்துவிடலாம். முதலில் கேட்க வேண்டியது, எந்தக் கேள்வியைப் பிள்ளைகள் தொடவே இல்லை என்பது. பத்தாம் வகுப்பு கணக்கில் வடிவியல் வரைதல், வரைபடம் இரண்டுக்கும் தலா 8 மதிப்பெண், மொத்தம் 16. அட்டவணை, அளவுத்திட்டம், புள்ளி குறித்தல் என்று படிப்படியாகப் பழக்கினால் 22இல் நிற்கும் பிள்ளையை இந்த இரண்டு கேள்வியே 35க்குத் தூக்கிவிடும். 'இன்னும் கவனம் செலுத்துங்கள்' என்ற அறிவுரையால் யாருக்கும் ஒரு மதிப்பெண்கூட ஏறியதில்லை.

கடைசியாக, "டீச்சர், உங்க தலையிலிருந்து நான் எதை இறக்கி வைக்கணும்?" என்று கேளுங்கள். எமிஸ் (மாணவர் விவரங்களை ஏற்றும் கல்வித்துறை இணையதளம்) பதிவு, பதிவேடுகள், விழாவுக்கு நடனம் பழக்கும் வேலை என்று ஏதாவது வரும். அதில் ஒன்றையாவது அந்த வாரமே மாற்றிக் கொடுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதைவிடக் கேட்காமல் இருப்பதே மேல்.

சப்ஸ்டிட்யூஷனை மறுக்காதவர் தலையிலேயே கட்டுவது

வாரம் 40 பீரியடில் 28 எடுப்பவருக்கு 12 ஓய்வு உண்டு. நோட்டுத் திருத்துவதும் பாடம் தயாரிப்பதும் அதில்தான். மழைக்காலத்தில் நாலு பேர் விடுப்பு எடுத்தால், அவர்கள் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, முகம் சுளிக்காத அதே இரண்டு பேருக்குத்தான் சீட்டு போகும். நவம்பர் கடைசியில் அவர்களும் மருத்துவ விடுப்பில் போவார்கள். ஒருவருக்கு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். யாருக்கு எத்தனை போனது என்ற கணக்கு ஸ்டாஃப் ரூம் சுவரில் தொங்கட்டும். தலைமையாசிரியரும் வாரத்துக்கு இரண்டு எடுக்க வேண்டும்.

மழை நாளைச் சாதாரண நாளாக நடத்துவது

தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம், ஆவடி திருவள்ளூர் மாவட்டம். அங்கே விடுமுறை அறிவித்து, சென்னையில் அறிவிக்காத நாள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வரும். அங்கிருந்து, தன் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுத் தண்ணீரில் நடந்து வந்து சேரும் ஆசிரியருக்கு அன்று தாமதக் குறி போடாதீர்கள். முதல் இரண்டு பீரியடுக்கு வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்தால் போதும்.

மழை விடுமுறையை ஈடுசெய்யும் சனிக்கிழமையைத் துறை முடிவு செய்தால் அந்த நாளை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் அன்று என்ன நடத்துவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. எட்டு பீரியடும் புதுப் பாடம் வைத்தால் பாதி வகுப்பு வராது. செய்முறை, வரைபடப் பயிற்சி, வினாடி வினா என்று வையுங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. அதனால் பாடத்திட்டத்தைத் தேர்வுக்கு முந்தின நாள் வரை இழுக்காமல் ஆறு வேலை நாள் முன்பே முடியும்படி பிரியுங்கள்.

பி.டி. (உடற்கல்வி) பீரியடைக் கணக்குக்குக் கொடுப்பது

வேண்டாம்.

மெல்லக் கற்போர் பட்டியல்

ஆசிரியரின் நோட்டில் இருக்கட்டும், கரும்பலகையில் எழுதாதீர்கள்.

பசியோடு சிறப்பு வகுப்பு

மதியம் பன்னிரண்டரைக்குச் சத்துணவு சாப்பிட்ட பிள்ளைக்கு ஐந்து மணிக்குத் தலைக்குள் எதுவும் ஏறாது. நவம்பரில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், பேருந்தில் போகும் பெண் பிள்ளைகளின் வீட்டில் அந்த வகுப்பையே நிறுத்திவிடுவார்கள். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் மட்டும், வாரம் மூன்று நாள், 45 நிமிடம், நாளைக்கு ஒரு பாடம், அதற்கு மேல் வேண்டாம். தொடங்கும் முன் ஆளுக்கு ஒரு கை சுண்டல் கொடுக்க முன்னாள் மாணவர்களிடமோ பள்ளி மேலாண்மைக் குழுவிலோ கேளுங்கள். நாற்பது பேருக்கு ஒன்றரைக் கிலோ கொண்டைக்கடலை தாராளமாக வரும். முந்தின இரவே ஊற வைக்க யார் பொறுப்பு என்பதையும் எழுதி வையுங்கள், முதல் வாரத்திலேயே சுண்டல் நின்றுபோவது பெரும்பாலும் அதனால்தான்.