விருந்தினருக்குத் தனி வைஃபை

வீட்டுக்கு வருபவர்கள் வைஃபை கடவுச்சொல்லைக் கேட்டால் மறுக்க மனம் வராது. ஆனால் அதைக் கொடுத்ததுமே, உங்கள் கணினியும் பிரிண்டரும் கண்காணிப்புக் கேமராவும் இருக்கும் அதே வலையமைப்புக்குள் அவர்களுடைய கைபேசியும் வந்துவிடுகிறது. அதில் தீய செயலி ஏதாவது ஒளிந்திருந்தால், உங்கள் கருவிகளைத் துழாவிப் பார்க்க அதற்கு வழி கிடைத்துவிடும்.

பெரும்பாலான ரூட்டர்களில் இதற்கென்றே ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்ற வசதி இருக்கிறது. ரூட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் இருக்கும் முகவரியை (பலவற்றில் 192.168.1.1 அல்லது 192.168.0.1) பிரவுசரில் தட்டி உள்நுழைந்து, வயர்லெஸ் பகுதியில் அதை இயக்கி, அதற்குத் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும். பழைய கருவிகள் இணைய மறுத்தால் டபிள்யூபிஏ2 போதும். கடவுச்சொல் இல்லாமல் மட்டும் திறந்துவிடாதீர்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது அடுத்த படியைத்தான். விருந்தினர் உங்கள் உள் வலையமைப்பை அணுகலாமா என்று கேட்கும் தேர்வு ஒன்று அதே பக்கத்தில் இருக்கும். ரூட்டருக்கு ரூட்டர் அதன் பெயர் மாறும். அது அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தனிப் பெயர் வைத்ததில் பயனே இல்லை. உங்கள் கைபேசியைக் கெஸ்ட் வைஃபையில் இணைத்து, பிரிண்டரின் ஐபி முகவரியை (ரூட்டருடையதைப் போன்ற எண்) பிரவுசரில் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் சரியாக அமைத்திருக்கிறீர்கள்.

அமைப்புப் பக்கத்துக்குள் போனதோடு, ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் அப்போதே மாற்றிவிடுங்கள். விருந்தினருக்கான கடவுச்சொல்லைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். உங்கள் கருவிகள் எதையும் மறுபடி இணைக்க வேண்டியதில்லை.