நத்தார் கேக் முதல் பாலன் குடில் வரை: கொழும்பு வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் நத்தார் வேலை சொதப்புவது பெரும்பாலும் கைப்பழக்கம் இல்லாததால் அல்ல. குளிர்நாட்டுச் சமையலறைக்கு எழுதிய செய்முறையை எங்கள் 30 பாகை வெக்கையிலும் மாரிகால ஈரத்திலும் அப்படியே செய்துபார்ப்பதால்தான். அதோடு எல்லாவற்றையும் டிசம்பர் 20க்குப் பிறகு தொடங்கி, முழு வேலையையும் அம்மாவின் தலையில் கட்டிவிட்டால், 24ஆம் திகதி இரவு பூசைக்குப் போகும்போது அவர் நின்றபடியே தூங்குவார்.

முதலில் ரிச் கேக், ஏனென்றால் அதிகம் பிழை விடுவது அதில்தான். எங்களுடைய ரிச் கேக்கில் கோதுமை மாவுக்குப் பதில் ரவை, நிறைய மஞ்சள் கரு, கஜு, பிளம்ஸ், சுல்தானா, செரி, பூசணித் தோசி (சீனிப் பாகில் காய்ச்சிய பூசணித் துண்டுகள்), இஞ்சிப் பாகு, பாணியில் போட்ட சௌசௌ, அப்புறம் தேன், பன்னீர், பிராண்டி, ஏலம், கறுவா, கராம்பு, சாதிக்காய். பழங்களை நவம்பரிலேயே வெட்டிப் பிராண்டியில் ஊறப்போடுங்கள். நவம்பரில் புறக்கோட்டைச் சந்தைக்குப் போனால் நின்று, முகர்ந்து, ருசி பார்த்து வாங்கலாம். டிசம்பர் நடுப்பகுதியில் போனால் குறுக்குத் தெருக்களில் சனம் தள்ளுகிற தள்ளில் கையில் கிடைத்ததைத்தான் வாங்கிவருவீர்கள். கஜுவை ஒன்று வாயில் போட்டுப் பார்க்காமல் வாங்கவே வேண்டாம், காறல் அடிக்கும் கஜு ஒரு பிடி போதும், முழுக் கேக்கையும் கெடுத்துவிடும்.

பழங்களையும் கஜுவையும் மெஷினில் போட்டு அடிப்பது அடுத்த தவறு. நேரம் மிச்சம்தான், ஆனால் எல்லாம் களியாகி, கேக் வெட்டும்போது கத்தியில் ஒட்டும். கையால் பொடியாக வெட்ட வேண்டும். அதற்குத்தான் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்! அம்மம்மா, மாமி, மச்சாள், பிள்ளைகள் என்று எல்லோரையும் மேசையைச் சுற்றி இருத்தி ஆளுக்கொரு பலகை கொடுங்கள், கதைத்துக் கதைத்து ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும். என்னைக் கேட்டால் நத்தார் தொடங்குவதே அந்த மேசையில்தான். இஞ்சிப் பாகையும் சௌசௌவையும் பாணி வடித்துவிட்டுச் சேருங்கள், செரியைக் கழுவித் துடையுங்கள். ஊறவைக்கிற போத்தலில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக்கூடாது, இந்த ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடிக்க அதுவே போதும்.

ரவையை வறுக்காமல் போட்டால் கேக்கில் பச்சை வாசம் நிற்கும், சிவக்க வறுத்தால் கசக்கும். வாசம் எழும்பியதும் இறக்கி, இளஞ்சூட்டில் கொஞ்சம் பட்டரைப் பிசறிச் சில மணி நேரம் மூடி வையுங்கள், ரவை நன்றாக ஊறி மெதுவாகும். மிச்சப் பட்டரைச் சீனியோடு அடிக்கும்போதுதான் கொழும்பு வெயில் விளையாடும். செய்முறைகளில் "அறை வெப்பநிலையில் உள்ள பட்டர்" என்று இருக்கும், அது அவர்களின் அறை, 20 பாகை. எங்கள் குசினி மேசையில் ஒரு மணி நேரம் வைத்த பட்டர் எண்ணெய்போல மினுங்கும், அதை எவ்வளவு அடித்தாலும் காற்றுப் பிடிக்காது. விரலால் அமர்த்தினால் பள்ளம் விழவேண்டும், ஆனால் மினுங்கக்கூடாது. காலையில் வெயில் ஏறமுன் அடித்துவிடுவது நல்லது. விலை பார்த்து முழுக்க மாஜரினுக்கு மாறுகிறவர்களிடம் நான் சொல்வது, கேக்கைச் சிறிதாக்குங்கள், பட்டரை மாற்றாதீர்கள்.

சுடுவதில் அவசரம் கூடாது. 140 அல்லது 150 பாகையில், தட்டின் அளவைப் பொறுத்து இரண்டு, இரண்டரை மணி நேரம். 180இல் வைத்தால் மேலே கருகி நடுவில் களியாக இருக்கும். மேசையில் வைக்கிற சின்ன மின்சார அவன்களில் மேல்கம்பி கேக்குக்கு மிகக் கிட்ட இருக்கும், ஆகவே ஒரு மணி நேரம் போனதும் மேலே ஃபொயில் தாள் போட்டு மூடுங்கள். தட்டுக்குப் பல மடிப்பாகப் பத்திரிகைத் தாள் போடுவது நல்ல பழைய வழக்கம்தான், அடி கருகாமல் காக்கும். ஆனால் அது வெளிப்பக்கத்தில் மட்டும், கேக்கைத் தொடுவது எண்ணெய்த்தாளாகத்தான் இருக்க வேண்டும், அச்சு மை சாப்பாட்டில் படக்கூடாது. குச்சி குத்திப் பார்க்கும்போது பட்டர் கேக்குக்கு வருவதுபோல முற்றாகக் காய்ந்து வரும் என்று காத்திருக்க வேண்டாம். ரிச் கேக்கில் குச்சி இலேசாக ஒட்டும் ஈரத்தோடுதான் வரும், மாவு வழியாவிட்டால் சரி. இடையில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், உள்ளே இருக்கிற சூடு கொஞ்ச நேரம் தாங்கும்.

இளஞ்சூட்டில் வெட்டிச் சுற்றுவதும் அடிக்கடி நடக்கிற பிழை. ஆவி தாளுக்குள் நின்று வேர்த்து, சில நாட்களில் பூஞ்சணம். குறைந்தது ஒரு நாள் ஆறவிட்டு வெட்டி, முதலில் எண்ணெய்த்தாள், அதற்கு மேல் நிறத்தாள். ஈரத்தில் சாயம் இறங்கும், அதனால் நிறத்தாளை நேரே சுற்றவேண்டாம். மிஞ்சிய வெள்ளைக் கருவில் மெரிங் செய்யப் பலருக்கு ஆசை வரும், கொழும்பு ஈரத்தில் அது பின்னேரமே பிசுபிசுக்கும். உறையவைத்து வைத்துவிட்டு வேறு எதற்காவது எடுங்கள்.

பிராண்டி விஷயத்தை ஆறுதலாகச் சொல்ல வேண்டும். கொழும்பில் நத்தார் தட்டு சொந்தக்காரருக்கு மட்டும் போவதில்லை, பக்கத்து முஸ்லிம் வீட்டுக்கும், மரக்கறி மட்டும் சாப்பிடுகிற சைவ வீட்டுக்கும், மேல்மாடிச் சிங்கள அன்ரிக்கும் போகும். நோன்புப் பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பம் வருகிறது, அந்த வீட்டுக்குப் பிராண்டி ஊறிய கேக்கைக் கொடுத்துவிட்டு "கொஞ்சம்தான் போட்டது, சூட்டில் போயிருக்கும்" என்று சொல்வது சரியே இல்லை. சூட்டில் முழுதாகப் போவதும் இல்லை. அவர்களுக்கென்று ஒரு தட்டு தனியாகச் சுடுங்கள். தோடம்பழச் சாற்றிலும் தேனிலும் பழங்களை பிரிட்ஜில் ஓரிரவு ஊறவைத்தால் போதும், வெளியே நாட்கணக்கில் வைத்தால் சாறு புளித்துவிடும். வனிலா எசன்சிலும் பெரும்பாலும் அற்ககோல் இருக்கும், போத்தலைத் திருப்பிப் பாருங்கள். ஜெலி, மார்ஷ்மெலோ வைப்பதானால் ஜெலற்றின் எதிலிருந்து வந்தது என்றும் பாருங்கள். சைவ வீட்டுக்கு முட்டை போட்ட எதுவும் வேண்டாம், பயத்தம் உருண்டையும் முறுக்கும் வைத்தால் சந்தோசமாக எடுப்பார்கள். யாருக்கு எந்தத் தட்டு என்று பெயர் ஒட்டிவையுங்கள், கொண்டுபோவது பிள்ளைகள் அல்லவா.

பிள்ளைகளோடு பிஸ்கட் வெட்டுகிறவர்கள் மாவை அரை மணி நேரமாவது பிரிட்ஜில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுங்கள். வெட்டிய நட்சத்திரங்களையும் சுடமுன் மறுபடி குளிரவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் வட்டமாகத்தான் வரும். நன்றாக ஆறியபிறகே டின்னில் போடுங்கள். கொக்கிஸ் (அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கிற பலகாரம்) அச்சில் ஒட்டிக்கொண்டு கழலாவிட்டால் காரணம் இரண்டில் ஒன்று. அச்சு எண்ணெயில் போதிய அளவு சூடாகவில்லை, அல்லது மாவில் அச்சை மேல்விளிம்பு வரை முக்கிவிட்டீர்கள். மேலே மாவு மூடினால் கழலாது. சுடு எண்ணெய்ப் பக்கம் பிள்ளைகள் வேண்டாம், வெடியும் அப்படித்தான், பெரியவர் பக்கத்தில் நிற்காமல் கொளுத்த விடாதீர்கள்.

குடிலில் செய்கிற பெரிய பிழை, வைக்கோலுக்குப் பக்கத்தில் மெழுகுதிரி கொளுத்துவது. சின்ன எல்ஈடி விளக்கு போதும். நட்சத்திரக் கூடு கட்டுகிறவர்கள் அதைத் தாழ்வாரத்துக்கு உள்ளே கட்டுங்கள், பின்னேர மழைக்கு டிசு தாள் ஒரு நாள்கூடத் தாங்காது. குடிலுக்குப் பச்சைப் புல் வளர்க்க நெல்லோ குரக்கனோ போடுகிறவர்கள் பலர் 20ஆம் திகதி நினைவு வந்து போட்டுவிட்டு, 25ஆம் திகதி வெறும் முளையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு நாளாவது வேண்டும். டிசம்பர் 13 புனித லூசியா திருநாள், கொட்டாஞ்சேனைப் பேராலயம் அவருடைய பெயரில்தான் இருக்கிறது, அந்த நாளைக் குறித்துவைத்துக்கொண்டு காலையிலேயே ஊறப்போடச் சொல்லிப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிடுங்கள்.