முதல்முறையாகப் பெரிய நகைக்கடையில் அன்பளிப்பு வாங்கப் போகிறீர்களா? படிப்படியாக ஒரு செய்முறை

காதுகுத்து, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் என்று எதற்காக வாங்கினாலும், ஒரு நகையின் மதிப்பைத் தீர்மானிப்பவை நிகர எடை, தரம், சேதாரம் (செய்யும்போது வீணாகும் தங்கத்துக்கென எடையோடு கூட்டும் சதவீதம்) ஆகிய மூன்றும்தான். சென்னை உஸ்மான் சாலையின் ஏழு மாடிக் கடையானாலும் உங்கள் ஊர்க் கடைத்தெருவின் பழைய கடையானாலும் கணக்கு ஒன்றே. அதைத் தெரிந்துகொண்டு போனால் விற்பனையாளரிடம் தயங்காமல் பேசலாம்.

படி 1: அளவை வீட்டிலேயே எடுங்கள்

அன்பளிப்பு நகை பீரோவுக்குள்ளேயே கிடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அளவு சேராததுதான். மோதிரம் என்றால் அவர் அதே விரலில் போடும் பழைய மோதிரத்தைக் கேட்டு வாங்கிப் போங்கள். கடையில் அதை அளவுக் குச்சியில் மாட்டி எண் சொல்லிவிடுவார்கள். பட்டையான மோதிரம் ஒரு அளவு பெரிதாக இருந்தால்தான் இறங்கும். வளையம் முழுக்கச் சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தைப் பிறகு பெரிதாக்குவது கடினம் என்பதால் அளவு தெரியாமல் அதைத் தொட வேண்டாம்.

வளையலில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வளையல் அளவு 2-4 என்றால் 2.4 அங்குலம் அல்ல. இரண்டாவது எண் ஒரு அங்குலத்தின் பதினாறில் எத்தனை பாகம் என்பதைச் சொல்கிறது. ஆகவே உள்விட்டம் 2-4க்கு 2¼ அங்குலம் (57 மி.மீ.), 2-6க்கு 2⅜ (60 மி.மீ.), 2-8க்கு 2½ (63.5 மி.மீ.). அவருடைய கண்ணாடி வளையல் ஒன்றை ஸ்கேலில் வைத்து, வெளிவிளிம்பை விட்டுவிட்டு உள்பக்கத்தை மட்டும் அளந்தால் போதும்.

படி 2: பணத்தைக் கிராமாக மாற்றுங்கள்

சென்னையில் அன்றைய விலை காலை பத்து மணிவாக்கில் வந்துவிடும். சில நாள் மாலையில் மறுபடி மாறும். ஒரு பவுன் 8 கிராம். சேதாரம் 12 சதவீதம், ஜிஎஸ்டி 3 சதவீதம் என்று வைத்தால், நீங்கள் கொடுக்கும் 100 ரூபாயில் தங்கத்துக்குப் போவது சுமார் 87 ரூபாய். கணக்கு எளிதாக இருக்க கிராம் 10,000 ரூபாய் என்று கொள்வோம். 50,000 ரூபாய்க்கு 5 கிராம் வராது, 4 கிராம் 300 மில்லி அளவுக்குத்தான் வரும். இதைத் தெரிந்துகொண்டு போய் "அரைப் பவுனில் மோதிரம் காட்டுங்க" என்று கேளுங்கள். தட்டு தட்டாக எடுத்துப் போட்டு மனம் அலைபாயாமல் தேர்வு சீக்கிரம் முடியும்.

வாங்கிக்கொள்பவர் பிறகு மாற்றித் தன் விருப்பத்துக்கு வாங்கட்டும் என்று நினைத்தால் தங்க நாணயம் நல்லது. அதை நகைக்கடையிலேயே வாங்குங்கள், ஏனென்றால் வங்கிகள் தாங்கள் விற்ற தங்க நாணயத்தைத் திரும்ப வாங்குவதில்லை. உறையைப் பிரிக்காமல் கொடுங்கள்.

படி 3: ஹால்மார்க்கைக் கண்ணால் பாருங்கள்

நகையின் உட்புறத்தில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை, தரம் (22 காரட்டுக்கு 916, 18 காரட்டுக்கு 750), எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி (அந்த நகைக்கே உரிய தனி எண்). 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்க எண் இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. எழுத்து மிகப் பொடியாக இருக்கும். கடையிலுள்ள உருப்பெருக்கியைக் கேளுங்கள், கொடுப்பார்கள்.

பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் நகையின் வகை, தரம், முத்திரையிட்ட மையம் எல்லாம் வரும். வகையைக் கட்டாயம் ஒப்பிடுங்கள். கையில் மோதிரம் இருக்க, செயலி செயின் என்று காட்டினால் அந்த உருப்படியை வைத்துவிடுங்கள். 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. தாய்மாமன் போடும் குட்டிக் கம்மல் பெரும்பாலும் இந்த எடைக்குள்தான் வரும். முத்திரை இல்லாவிட்டால் தரத்தையாவது பில்லில் எழுதச் சொல்லுங்கள். "கேடிஎம் நகைங்க" என்ற பதில் போதாது. அது பற்றவைக்கும் முறையின் பழைய பெயர், தரச் சான்று அல்ல.

படி 4: தராசில் நின்று பாருங்கள்

நகையை வைப்பதற்கு முன் தராசு 0.000 காட்டுகிறதா என்று பாருங்கள். விலைச்சீட்டும் நூலும் கழற்றப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சீட்டுக்கும் சில மில்லி எடை உண்டு. கல் நகையானால் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

ஒரு கல் மோதிரத்தைப் பார்ப்போம். மொத்தம் 4.350, கல் 0.150, நிகரம் 4.200 கிராம். 12 சதவீதச் சேதாரம் 0.504 சேர்ந்து 4.704. கிராம் 10,000 ரூபாய் வீதம் 47,040. கல்லுக்கு 600 சேர்த்தால் 47,640. இதற்கு 3 சதவீத ஜிஎஸ்டி 1,429.20. ஹால்மார்க் கட்டணம் உருப்படிக்கு 45 ரூபாய், அதன் வரியோடு 53.10. ஆக 49,122.30. கல் எடையைக் கழிக்காமல் போட்டிருந்தால் வரிக்கு முன்பே 1,680 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கும், கல்லுக்கும் தங்க விலை கொடுத்திருப்பீர்கள்.

படி 5: சேதாரத்தைப் பேசுங்கள்

தங்கத்தின் விலையில் பேரம் இல்லை, சேதாரத்தில் உண்டு. இதைக் கேட்பதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. மெஷின் செயினுக்குச் சேதாரம் குறைவு, கெம்பு வைத்த கோயில் வேலைப்பாட்டு நகைக்கு 20 சதவீதத்தைத் தாண்டும். மேலே பார்த்த மோதிரத்தில் 12ஐ 9 ஆக்கினாலே 1,260 ரூபாய் மிச்சம். கவுண்டரில் நிற்பவருக்குக் குறைக்கும் அதிகாரம் கொஞ்சம்தான், மேனேஜரை அழைக்கச் சொல்லுங்கள். "செய்கூலி இல்லை" என்று பலகை இருந்தால் சேதாரம் எத்தனை சதவீதம் என்று உடனே கேளுங்கள். அட்சய திருதியைக் கூட்டத்தில் இதெல்லாம் நடக்காது, வார நாளில் முற்பகலில் போங்கள்.

வைரமும் வெள்ளியும்

ஏழுகல் பேசரி போன்ற வைர நகைக்கு ஒவ்வொரு கல்லின் சென்ட் (வைரத்தின் எடை அளவு, 100 சென்ட் ஒரு காரட்), நிறம், தெளிவு, சான்றிதழ் வேண்டும். சுரங்க வைரமா, ஆய்வக வைரமா என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள், விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. குங்குமச் சிமிழ், குத்துவிளக்கு வாங்கும்போது ஜெர்மன் சில்வரைத் தனியாக அடையாளம் காணுங்கள். அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, அதில் வெள்ளியே இல்லை.

படி 6: பில்லும் பெட்டியும்

நிகர எடை, தரம், அன்றைய விலை, சேதாரம், கல் விலை, ஹால்மார்க் கட்டணம் எல்லாம் தனித்தனி வரியில் இருக்க வேண்டும். "எஸ்டிமேட்" என்று தலைப்பிட்ட துண்டுச்சீட்டு பில் ஆகாது. 2 லட்ச ரூபாயைத் தாண்டினால் பான் எண் தேவை, 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்கவும் முடியாது.

பிடிக்காவிட்டால் எத்தனை நாளில், எவ்வளவு கழித்து மாற்றித் தருவார்கள் என்று கேட்டுப் பில்லின் பின்புறம் எழுதச் சொல்லுங்கள். பெட்டியை மூடுவதற்கு முன் செயினின் கொக்கியை இரண்டு முறை மாட்டிக் கழற்றுங்கள். கம்மலின் திருகாணி கடைசி வரை இறுகுகிறதா, குழந்தைக்கானால் பின்புறம் விரலில் உரசாமல் வழவழப்பாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பில்லைப் படம் எடுத்து நீங்கள் வைத்துக்கொண்டு, அசலை ஒட்டிய உறையில் போட்டுப் பெட்டியோடு கொடுத்துவிடுங்கள். மாற்றப் போகும்போது அவர் கையில்தான் அது இருக்க வேண்டும்.