கல்யாண போட்டோகிராஃபருக்கு அசிஸ்டென்ட்டாகச் சேரும் முன் என்னென்ன வாங்க வேண்டும்?

கடைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். யாரிடம் அசிஸ்டென்ட்டாகச் சேரப்போகிறீர்கள், அவர் கையில் இருப்பது கேனனா, சோனியா, நிக்கானா? அவர் காமிராவில் எந்த மவுண்ட்டோ (லென்ஸ் மாட்டும் வளையம்), அதிலேயே நீங்களும் வாங்குங்கள். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தூரத்திலிருந்து எடுக்கும் தன் 70-200 எம்எம் லென்ஸை நீட்டி, “தம்பி, நீ பொண்ணு வீட்டுப் பக்கம் போய் நில்லு” என்பார். அது உங்கள் காமிராவில் மாட்டாவிட்டால் என்ன செய்வீர்கள்? பேட்டரிக்கும், ஃப்ளாஷைத் தள்ளி வைத்து எரியவைக்கும் ட்ரிகருக்கும் இதே நிலைதான். ஆல்பம் வேலையிலும் சிக்கல் வரும். கம்பெனி மாறினால் முகத்தின் நிறமும் பட்டின் அரக்குச் சிவப்பும் மாறிவிடும். எடிட் செய்பவருக்கு இரட்டை வேலை.

அடுத்தது, ட்ரெடிஷனலா கேண்டிடா என்பது. சென்னை டீம்களில் இந்த இரண்டுக்கும் தனித்தனி ஆட்கள் போவது வழக்கம். ட்ரெடிஷனல் என்றால் ரிசப்ஷன் மேடையில் ஏறும் ஒவ்வொரு குடும்பத்தையும் விடாமல் எடுக்க வேண்டும். 24-70 அல்லது 24-105 லென்ஸும் நம்பகமான ஃப்ளாஷும் இருந்தால் போதும். கேண்டிட் என்றால் போஸ் கொடுக்காத இயல்பான தருணங்களை எடுப்பது. அதற்கு வெளிச்சம் குறைந்த இடத்திலும் எடுக்கக்கூடிய, ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ் வேண்டும்.

பாடியில், அதாவது லென்ஸ் இல்லாத காமிராவில், மெகாபிக்ஸலைப் பார்க்காதீர்கள், கார்டு ஸ்லாட்டை எண்ணுங்கள். இரண்டு ஸ்லாட் கட்டாயம். ஒரே படம் இரண்டு கார்டிலும் பதிவாகும்படி வைத்துவிட்டால், ஒரு கார்டு செத்தாலும் கல்யாணம் பிழைக்கும். நிக்கான் டி750, சோனி ஏ7 மார்க் 3, கேனன் ஆர்6 மூன்றிலும் இரண்டு ஸ்லாட் உண்டு. கேனன் ஆர்பி, ஆர்8, 6டி மார்க் 2 ஆகியவற்றில் ஒன்றுதான். சென்சார் சிறியதாக இருக்கும் புது கிராப் காமிராவுக்குக் கொடுக்கும் பணத்தில், சென்சார் பெரிய செகண்ட் ஹேண்ட் ஃபுல் ஃப்ரேம் கிடைத்தால் அதையே எடுங்கள். மண்டபத்துக்குள் வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 3200, 6400 என்று போகும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

முதல் லென்ஸாகப் பலரும் 85 எம்எம் வாங்குகிறார்கள். அசிஸ்டென்ட்டுக்கு முதலில் வேண்டியது 35. எம்எம் எண் குறைந்தால் படத்தில் அடங்கும் இடம் அகலமாகும். மெயின் போட்டோகிராஃபர் மணமேடைக்கு நேர் எதிரே நிற்பார். கெட்டிமேளம் கேட்டதும் சுற்றிலும் அட்சதையோடு கைகள் எழும்பும். முடிச்சு விழுவது பெண்ணின் பின்கழுத்தில். நாத்தனார் முடிச்சு போடும் வழக்கமுள்ள வீடுகளில் அவரும் பின்னால்தான் நிற்பார். முன்னாலிருந்து இதெல்லாம் தெரியாது. அந்தப் படம் உங்களுடையது. பெண்ணுக்குப் பின்னால், ஜோடனைக்கும் சொந்தக்காரர்களுக்கும் நடுவில் மூன்று நான்கு அடி இடம்தான் கிடைக்கும். அங்கே 85 வைத்தால் ஒரு காது மட்டும் வரும். கிராப் காமிரா என்றால் இதே இடத்துக்கு 24 அல்லது 23 எம்எம் வேண்டும். கோயில் கல்யாணங்களிலும், வடபழனி முருகன் கோயில் போல ஒரே காலையில் பல ஜோடிகள் வரும் இடங்களிலும், இந்த அகலம்தான் காப்பாற்றும். 85 எம்எம் எஃப் 1.8 இரண்டாவதாக வரட்டும் (எஃப் என்பது லென்ஸ் திறப்பின் அளவு, எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம் வரும்). ரிசப்ஷனில் முகங்களுக்கு அது அருமையான லென்ஸ்.

பாடியில் மிச்சம் பிடித்த பணத்தை ஃப்ளாஷில் போடுங்கள். கோடாக்ஸ் டிடி685 போன்ற, வெளிச்ச அளவைத் தானே கணிக்கும் டிடிஎல் ஃப்ளாஷ் ஒன்றை உங்கள் காமிராவுக்கான வகையில்தான் வாங்க வேண்டும். கேனனுக்கானது சோனியில் சரியாக வேலை செய்யாது. அதற்கு நான்கு டபிள் ஏ பேட்டரி வேண்டும். சாதாரண அல்கலைன் போட்டால் சார்ஜ் ஏறத் தாமதமாகி, தொடர்ந்து எடுக்கும்போது மூன்றில் ஒரு படம் இருட்டாக வரும். எனிலூப் மாதிரி ரீசார்ஜ் பேட்டரி மூன்று செட், அதாவது பன்னிரண்டு, வைத்துக்கொள்ளுங்கள். கோடாக்ஸ் வி860 வாங்க முடிந்தால் லித்தியம் பேட்டரியோடு வரும், இந்தக் கவலை இல்லை.

ஃப்ளாஷை மேலே திருப்பிக் கூரையில் அடித்து எடுக்கும் முறை வெள்ளைக் கூரைக்கும் தாழ்ந்த கூரைக்கும் மட்டுமே ஒத்துவரும். மரக் கூரை, நிறத் துணி கட்டிய பந்தல், இருபது அடி உயர ஹால் எல்லாம் அதற்கு உதவாது. துணியின் நிறம் அப்படியே முகத்தில் இறங்கிவிடும். மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் கூரையைப் பாருங்கள். மேடையில் மஞ்சள் விளக்கு என்றால் ஃப்ளாஷ் முன்னால் ஒரு ஆரஞ்சு ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத் தாள்) ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் முகம் வெள்ளையாகவும் பின்னணி மஞ்சளாகவும் பிரிந்து நிற்கும்.

படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுவதற்கும் காரணம் பெரும்பாலும் விளக்குதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் ட்யூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். ஷட்டர் நேரத்தை 1/100 அல்லது 1/50 நொடி வைத்தால் பட்டை மறையும். சைலன்ட் ஷட்டரை மண்டபத்தில் அணைத்தே வையுங்கள், அது எலக்ட்ரானிக் ஷட்டர், அதில் பட்டை இன்னும் மோசமாக வரும். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வைத்திருந்தால் 1/100 மட்டும் போதாமல் போகலாம். அங்கே ஆளுக்கு ஃப்ளாஷ் அடித்து, ஷட்டரைப் படிப்படியாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

கார்டில் 256 ஜிபி ஒன்றை விட 64 ஜிபி நான்கு நல்லது. 24 மெகாபிக்ஸல் காமிராவின் ரா கோப்பு (சென்சாரின் மூலப் பதிவு) ஒன்று 25 முதல் 30 எம்பி வரை வரும் என்றால், 64 ஜிபியில் ஏறக்குறைய 2,000 படம் அடங்கும். போலி கார்டுகள் சந்தையில் நிறைய. வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் கார்டு முழுவதையும் எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, மொபைல் டார்ச்சை ஒரு பக்கம் சாய்த்து அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளைவிட்ட வெள்ளை நூல் தெரிந்தால் அது பங்கஸ், அதாவது பூஞ்சை. எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். தூசி இரண்டு புள்ளி இருந்தால் பரவாயில்லை. பாடியில் எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கினால் சென்சாரின் கறை தெரியும். இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற ஷட்டர் எண்ணிக்கையையும் கேளுங்கள். டி750-க்கு நிக்கான் சொல்லும் ஆயுள் ஒன்றரை லட்சம். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் பாடியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். பில்லே இல்லை என்றால் கிளம்பிவிடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. பொறுமையாகச் சோதித்து வாங்க அந்த மாதங்கள் தோது. 70-200 எஃப் 2.8 மாதிரி விலை அதிகமான லென்ஸை இப்போது வாங்க வேண்டாம். வடபழனி, சாலிகிராமம் பக்கம் நாள் வாடகைக்கு எடுக்கலாம். ஒரிஜினல் அடையாள அட்டை கேட்பார்கள். எடுக்கும்போதே கீறல்களை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக் காற்றின் ஈரத்தில் அலமாரிக்குள் வைத்த லென்ஸில் பங்கஸ் வரத் தாமதமாகாது. ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினெட் வாங்கும் வரை, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரப்பத மீட்டரும் போட்டு 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். ஏசி அறையிலிருந்து விடியற்காலை வெளியே வந்தால் லென்ஸ் முழுக்கப் பனி படியும். துடைத்தாலும் திரும்பப் படியும், அப்போது லென்ஸைக் கழற்றினால் ஈரம் உள்ளேயும் போகும். மணமகள் அறையில் எடுத்து முடித்ததும் பையில் போட்டு ஜிப்பை மூடி, பையோடு அரை மணி நேரம் முன்னதாக வெளியே வைத்துவிடுங்கள்.

மணமேடையில் செருப்போடு ஏற முடியாது, ஷூ கழற்ற நேரமும் இருக்காது. உடனே கழற்றக்கூடிய செருப்பு போட்டுப் போங்கள். பேட்டரியும் கார்டும் இடுப்புப் பையில் உங்களோடே இருக்கட்டும், நாற்காலியில் வைத்த பை காணாமல் போகும்.

முதல் நாள் இரவு மெயின் போட்டோகிராஃபரின் காமிரா நேரத்தோடு உங்கள் காமிரா நேரத்தை நொடி வரை ஒன்றாக்குங்கள். இரண்டு காமிராவின் படங்களையும் நேர வரிசையில் அடுக்கும்போது, நேரம் தவறியிருந்தால் தாலிக்கு முன்னால் மெட்டி வந்து நிற்கும். கோப்புப் பெயரின் முன்னெழுத்துகளையும் மெனுவில் மாற்றிவிடுங்கள். ஒரே எண்ணில் இரண்டு கோப்பு இருந்தால், காப்பி செய்யும்போது ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டுவிடும்.