‘கிருபை’க்குள் இருக்கும் ஹெசெத்: ஓர் எபிரெயச் சொல்லைத் தமிழ் வேதாகமத்தில் தேடிப்பிடிக்கும் முறை

சங்கீதம் 136-ஐ ஆராதனையில் மாறிமாறி வாசிக்கும்போது சபை 26 தடவை ஒரே பதிலைச் சொல்கிறது: “அவர் கிருபை என்றுமுள்ளது.” 10ஆம் வசனத்தில் எகிப்தின் தலைச்சன்கள் சாகிறார்கள். 15ஆம் வசனத்தில் பார்வோன் சேனையோடு கடலுக்குள் போகிறான். அதற்கும் அதே பதில்தான். கிருபை என்றால் மனமிரங்குவது என்று எடுத்துக்கொண்டவர்களுக்கு இந்த இடம் தொண்டையில் முள்ளாக நிற்கும். எபிரெயத்தில் அங்கே இருப்பது ‘ஹெசெத்’. உறவென்று ஏற்றுக்கொண்டவரை, நெருக்கடி வந்தபோது கைவிடாமல் நின்று செய்வது என்பது அதன் பொருளுக்குக் கிட்டத்தில் வரும். அடிமைப்பட்டவர்கள் பக்கம் நின்றால் பார்வோனுக்கு எதிரே நின்றுதான் ஆகவேண்டும். அப்படி வாசித்தால் பாட்டு ஓடும்.

மதுரைப் பக்கத்துச் சபைகளில் வீட்டுக்கூட்டமோ வேதபாடமோ நடத்துகிறவர்களுக்காக இந்தக் குறிப்பு. எபிரெய எழுத்து தெரிய வேண்டியதில்லை. நான்கு பொருள் போதும்: 1871ல் வந்த ஹென்றி பவரின் மொழிபெயர்ப்பு, அதாவது சபையில் நாம் வைத்திருக்கும் பழைய வேதாகமம், 1995ல் வந்த திருவிவிலியம், கைபேசியில் ஸ்ட்ராங் எண் (மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் கொடுத்திருக்கும் வரிசை எண்) போட்ட ஆங்கிலக் கிங் ஜேம்ஸ் வேதாகமச் செயலி, ஒரு 40 பக்க நோட்டு.

ஹெசெத்துக்கு ஸ்ட்ராங் எண் 2617. பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழ 250 இடங்களில் வருகிறது, அதில் பாதி சங்கீதத்தில். எல்லாவற்றையும் புரட்ட உட்கார்ந்தால் மூன்றாம் நாளே நோட்டை மூடிவிடுவீர்கள். 12 வசனம் எடுத்தால் தாராளம், இரண்டு மாலைப்பொழுதில் முடியும். நோட்டில் நான்கு பத்தி கோடு போடுங்கள்: வசனம், பழைய மொழிபெயர்ப்பில் என்ன சொல், யார் யாருக்குச் செய்தது, செய்தது என்ன காரியம். நான்காம் பத்திதான் உயிர். அங்கே ‘அன்பு காட்டினார்’ என்று எழுதக்கூடாது. ‘உளவாளிகளைக் கூரைமேல் சணல் தட்டைகளுக்குள் மறைத்தாள்’ என்று எழுதவேண்டும்.

முதல் வேலை, தமிழ்ச் சொல்லை வைத்துத் தேடும் பழக்கத்தை விடுவது. யாத்திராகமம் 34:6-ஐத் திறங்கள். “இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்.” இதில் ஹெசெத் எது? கிருபை அல்ல, ‘தயை’தான். கிருபை என்று இருப்பது ‘ஹன்னூன்’, வேறு வேர். அடுத்த வசனத்திலேயே “ஆயிரம் தலைமுறைகளுக்கு இரக்கத்தைக் காக்கிறவர்” என்று வரும்போது ஹெசெத் ‘இரக்கம்’ ஆகிவிடுகிறது. (‘நீடிய சாந்தம்’ எபிரெயத்தில் சொல்லுக்குச் சொல் ‘நீண்ட மூக்கு’. கோபத்தில் மூக்கு விடைக்கும் என்பது நம் ஊருக்கும் தெரிந்ததுதான்.)

பழைய மொழிபெயர்ப்பில் இந்த ஒரு சொல் எடுத்திருக்கும் உருவங்களைப் பாருங்கள். ரூத் 1:8ல் தயை. அதே புத்தகம் 3:10ல் போவாஸ் ரூத்தைப் பாராட்டும்போது ‘நற்குணம்’. ஆதியாகமம் 47:29ல் ‘பட்சம்’. எரேமியா 31:3ல் ‘காருண்யம்’. ஓசியா 6:6ல் ‘இரக்கம்’. ஏசாயா 40:6ல் புல்லும் பூவும் வருகிற இடத்தில் ‘மேன்மை’. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஒவ்வோர் இடத்திலும் சொல் பொருந்தியே இருக்கிறது. ஆனால் ரூத்தின் இரண்டு வசனத்தையும் கட்டும் நூல் தமிழில் அறுந்துபோகிறது. திருவிவிலியம் பல இடங்களில் ‘பேரன்பு’ என்கிறது. சங்கீதம் 136லும் அதுவே. அளவு சொல்கிறது, நல்ல சொல்தான். விட்டுப்போகாத பிடிப்பு மட்டும் அதில் கொஞ்சம் குறைவு.

அடுத்து, பக்கத்துச் சொற்களிலிருந்து பிரித்தெடுப்பது. இதற்கு சங்கீதம் 51:1 ஒன்றே போதும். “உமது கிருபையின்படி எனக்கு இரங்கும், உமது மிகுந்த இரக்கங்களின்படி” என்று தாவீது கேட்கிறான். இங்கே கிருபை ஹெசெத் (2617). ‘இரங்கும்’ என்பது ‘ஹானன்’. அந்த வேரில் பிறந்தது ‘ஹேன்’ (2580), மேலிருப்பவர் கண்ணில் கிடைக்கும் தயவு. நோவாவுக்கு “கர்த்தருடைய கண்களில் கிருபை கிடைத்தது” என்றபோது கிடைத்தது இந்த ஹேன்தான். ‘இரக்கங்கள்’ என்பது ‘ரஹமீம்’ (7356). கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு உறவுள்ளது. பெற்ற வயிறு பதறுவதுபோன்ற உணர்வு. ரஹமீம் உள்ளே புரளும். ஹேன் கிடைக்கும். ஹெசெத்தோ செய்யப்படும். எபிரெயத்தில் ‘ஒருவரோடு ஹெசெத் செய்வது’ என்பதே வழக்கு.

கடவுளைப் பற்றிய வசனத்தில் தொடங்காமல், மனுஷர் மனுஷருக்குச் செய்த இடங்களில் தொடங்குங்கள். ராகாப் கேட்பது (யோசுவா 2:12), யோனத்தான் தாவீதிடம் கேட்பது (1 சாமுவேல் 20:14-15), யோனத்தானின் மகன், இரண்டு காலும் முடமான மேவிபோசேத்தைத் தாவீது தன் பந்தியில் உட்காரவைப்பது (2 சாமுவேல் 9), சாகப்போகும் யாக்கோபு யோசேப்பிடம் கேட்பது (ஆதியாகமம் 47:29). ஒவ்வொன்றிலும் மூன்று கேள்வி: ஏற்கெனவே என்ன உறவு? கேட்கிறவருக்கு வேறு நாதி உண்டா? செய்யாமல் விட்டால் யாராவது தண்டிக்க முடியுமா? 1927ல் நெல்சன் குளூக் என்ற அறிஞர், ஹெசெத் உடன்படிக்கை உறவில் வரும் கடமை என்றார். 1978ல் காத்தரின் டூப் சாக்கன்ஃபெல்டு, உறவு இருந்தாலும் செய்கிறவர் வலுவான இடத்தில் இருக்கிறார், மறுத்துவிடவும் முடியும், அவர் மனதுவைத்துச் செய்வதுதான் ஹெசெத் என்று காட்டினார். மேவிபோசேத்தை வைத்துப் பார்த்தால் எங்களுக்குப் பின்னவர் சொல்வதே சரியாகப் படுகிறது. யோனத்தான் போய்ச் சேர்ந்துவிட்டான். தாவீது மறந்துபோயிருந்தால் கேட்க ஆளில்லை.

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் விளக்குவதற்குச் ‘செய்முறை’ கைகொடுக்கும். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் வந்த மொய் நோட்டில் ஏறும். அவர்கள் வீட்டு விசேஷத்தில் அதைக் குறையாமல் திருப்பிச் செய்யவேண்டும். உறவு, கடமை, வெறும் வாயால் சொல்லாமல் கையால் செய்வது: மூன்றும் ஹெசெத்திலும் உண்டு. ஆனால் ஒப்புமையை இங்கேயே நிறுத்துங்கள். ஹெசெத்துக்கு நோட்டு கிடையாது. அதற்குக் கிட்டத்தில் வருவது கேத வீடு. அடுப்பு எரியாத வீட்டுக்குச் சோறு ஆக்கிக் கொண்டுபோவதும், குழி வெட்ட ஆள் நிற்பதும் யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

யூத மரபும் இதே இடத்துக்குத்தான் வருகிறது. ஆதியாகமம் 47:29ல் யாக்கோபு கேட்பது ‘ஹெசெத்தும் எமெத்தும்’, பட்சமும் உண்மையும். எகிப்தில் புதைத்துவிடாதே என்கிறான். செத்தவர் திருப்பிச் செய்யமாட்டார், ஆகவே அவருக்குச் செய்வதே ‘ஹெசெத் ஷெல் எமெத்’, மெய்யான ஹெசெத் என்று இடைக்கால யூத உரையாசிரியர் ராஷியின் உரை சொல்கிறது. யூத ரபிமார்களின் போதனைத் தொகுப்பான தல்மூத், சுக்கா 49b பகுதியில் ஹெசெத்தைத் தர்மத்தோடு ஒப்பிடுகிறது: தர்மம் பணத்தால் மட்டும், ஹெசெத் பணத்தாலும் உடம்பாலும், தர்மம் ஏழைக்கு, ஹெசெத் ஏழைக்கும் பணக்காரருக்கும், தர்மம் உயிரோடிருப்பவருக்கு, ஹெசெத் செத்தவருக்கும்.

தவறுகள் நடக்கும் இடங்கள் சில. எபிரெயத்தில் சொல் எப்போதும் முழுசாக நிற்காது. ‘அவருடைய ஹெசெத்’ என்றால் ‘ஹஸ்தோ’ ஆகிவிடும். சங்கீதம் 136ல் காதில் விழுவது இதுதான்: ‘கீ லெஓலாம் ஹஸ்தோ’. ‘ஹெசெத்’ என்று தனியாக உச்சரிக்கும்போது முதல் அசையை அழுத்தி, தொண்டையிலிருந்து ‘ஹ’ வரவேண்டும். எபிரெய வேதாகமத்தில் சங்கீதத் தலைப்புக்கும் எண் உண்டு. நம் 51:1 அங்கே 51:3. இதைத் தெரியாமல், வசனம் காணோம் என்று தேடுகிறவர்கள் நிறைய. அதே எழுத்தில் எதிர்ப்பொருள் தரும் இன்னொரு சொல்லும் இருக்கிறது: நீதிமொழிகள் 14:34ல் “பாவமோ எந்த ஜனத்துக்கும் இகழ்ச்சி” என்பதில் ‘இகழ்ச்சி’ அதுதான், லேவியராகமம் 20:17லும் அதுவே வருகிறது. ஸ்ட்ராங் இவற்றையும் 2617லேயே போட்டிருக்கிறது. 12 வசனப் பட்டியலில் இவை நுழைந்தால் கணக்கே குழம்பும், தள்ளிவையுங்கள். நாரைக்கு எபிரெயத்தில் ‘ஹசீதா’ என்று பெயர். அதைப் பிடித்துக்கொண்டு ‘நாரையின் பாசமே ஹெசெத்’ என்று பிரசங்கம் பண்ணுவது கேட்க இனிக்கும், ஆனால் சொல்லின் பொருள் வேரிலிருந்து அல்ல, வழக்கிலிருந்துதான் வரும்.

பெரிய தவறு பவுலிடம் தாவுவது. எபேசியர் 2:8ல் “கிருபையினாலே” என்பது கிரேக்க ‘காரிஸ்’. பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ஹேனுக்குத்தான் பெரும்பாலும் காரிஸ் போட்டது; ஹெசெத்துக்குப் போட்டது ‘எலெயோஸ்’. ஆகவே புதிய ஏற்பாட்டுக்குப் பாலம் போட மத்தேயு 9:13-ஐ எடுங்கள். “பலியையல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன்” என்று இயேசு சொல்வது ஓசியா 6:6, சொல் எலெயோஸ், அடியில் ஹெசெத்.

கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் வைத்தால், முதல் 20 நிமிடம் 2 சாமுவேல் 9 மட்டும். பிறகு ரூத்தின் இரண்டு வசனம். நான்காம் பத்தியை வந்தவர்களே நிரப்பட்டும். ‘அன்பு’ என்று யாராவது எழுதினால் ‘என்ன செய்தார்?’ என்று திருப்பிக் கேளுங்கள். கடைசியில் சங்கீதம் 136-ஐ எடுத்து, ஒரு பாதிப்பேர் வசனத்தையும் மறுபாதிப்பேர் ‘கீ லெஓலாம் ஹஸ்தோ’வையும் சொல்லட்டும். 15ஆம் வசனத்தில் கொஞ்சம் நிறுத்தி, 25ஆம் வசனம் வரை போங்கள்: மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரம் கொடுக்கிறவர் என்று அங்கே வருகிறது. எகிப்தியருக்கும் சேர்த்தா என்று யாராவது கேட்டால், அடுத்த வாரக் கூட்டத்துக்குப் பொருள் கிடைத்துவிட்டது.