கண் சிவந்ததற்குச் சத்து மாத்திரையா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மருந்துக் கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “அண்ணே, கண்ணு சிவந்துருக்கு. எதிர்ப்புச் சக்தி கொறஞ்சிருச்சு போல, ஏதாச்சும் மாத்திரை குடுங்க.” யுவைட்டிஸ் எனும் உள்கண் அழற்சியில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. காவல் நாய் வீட்டுக்காரரையே கடிக்கிறது. அதற்கு மேலும் தீனி எதற்கு?

நல்ல கண்ணில் ரத்தக்குழாய்ச் சுவர்கள் இறுக்கமானவை. வெள்ளணுக்களை எளிதில் உள்ளே விடாது. டி அணுக்கள் எனும் வெள்ளணுக்கள் தவறாகத் தூண்டப்பட்டால் டிஎன்எஃப் போன்ற வேதிப்பொருள்கள் சுரந்து அந்தச் சுவர்கள் கசியும். கண்ணுக்குள் இருக்கும் தெளிந்த நீரில் வெள்ளணுக்கள் மிதக்கும்.

இதைத் தொற்றும் கண்ணோய் என்று நினைத்து நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் என்று ஊற்றுவது வீண் வேலை, கிருமியும் சேரலாம். பீளை தள்ளாமல், கண் ஆழத்தில் வலித்து, வெயிலைப் பார்த்தாலே கூசினால், பார்வையும் மங்கினால், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். குளிர்பெட்டியில் கிடக்கும் பழைய ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து) சொட்டும் வேண்டாம். கண் சிவந்ததற்குக் காரணம் ஹெர்பிஸ் கிருமியாக இருந்தால் அந்தச் சொட்டு கண்ணைப் புண்ணாக்கிவிடலாம்.

பலரும் சறுக்குவது மூன்றாம் நாளில்தான். சிவப்பு மறைந்ததும் மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டை நிறுத்திவிடுகிறார்கள். கண்ணாடியில் தெரிவது சிவப்பு மட்டுமே. உள்ளே மிதக்கும் அணுக்கள் மருத்துவரின் நுண்ணோக்கியில்தான் தெரியும். தொடக்கத்தில் மணிக்கொரு தரம் விடும் ஸ்டீராய்டை வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்கச் சொல்வது அதனால்தான். பாதியில் விட்டால் அழற்சி திரும்பும். கண்மணியைச் சுற்றிய நிற வளையம் பின்னாலுள்ள வில்லையோடு ஒட்டிக்கொள்ளும், கண் அழுத்தம் ஏறும். ஸ்டீராய்டாலும் அழுத்தம் ஏறலாம், புரையும் விழலாம். ஆகவே தேதி கொடுத்தால் தவறாமல் போங்கள், கோலாலம்பூர் மருத்துவமனையில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருந்தாலும்.

கண்ணுக்கு வந்த இடத்தில் முதுகைப் பற்றிக் கேட்கிறாரே என்று எரிச்சல்படாதீர்கள். இளம் வயதில் காலையில் முதுகு விறைத்தால், எச்எல்ஏ-பி27 மரபணுவோடு தொடர்புள்ள முதுகெலும்பு மூட்டுவாதம் காரணமாக இருக்கலாம். காசநோய், சிஃபிலிஸ் எனும் பால்வினை நோய் ஆகியவற்றுக்கான பரிசோதனையும் அவமானமில்லை. அவை இருக்கும்போது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து மட்டும் கொடுத்தால் ஆபத்து.

மூட்டுவாதமுள்ள பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்களுக்குப் பெரும்பாலும் கண் சிவக்காது, வலிக்காது. அழற்சி சத்தமில்லாமல் உள்ளே ஓடும். பிள்ளை புகார் சொல்லாவிட்டாலும் சில மாதங்களுக்கு ஒரு முறை கண்ணைக் காட்டியே ஆக வேண்டும்.