புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு என்ன செய்வீர்கள்?

நான் வேலை பார்த்தது ஒரு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில். பணி ஓய்வு பெறப் போகிறவர்களின் கோப்புகள் என் மேசைக்குத்தான் வரும். கையெழுத்துப் போட வருகிறவர்கள் முதலில் கேட்பது, "மொத்தம் கைக்கு எவ்வளவு வரும்?" என்றுதான். நியாயமான கேள்வி. பதில் சொல்லிவிட்டு நானும் ஒன்று கேட்பேன். "சரி, அப்புறம் வரப்போகிற ஒரு சாதாரண புதன்கிழமை, காலை பதினோரு மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பீர்கள்?" பெரும்பாலும், "அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள்.

ஓய்வுக்காலத் திட்டத்தை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எப்படி வாழப் போகிறோம் என்று தெரியாமல் எவ்வளவு பணம் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? முதலில் வாரத்தை எழுதுங்கள். பணக்கணக்கு அதன் பின்னால் வரட்டும்.

ஒரு தாளில் ஏழு நாளுக்கும் காலை, மதியம், மாலை என்று கோடு போடுங்கள். 21 கட்டங்கள் வரும். வேலையும் போக்குவரத்துமாக வாரத்துக்கு 50 மணி நேரம் போகிறது என்றால், லீவு நாட்களைக் கழித்தாலும் ஆண்டுக்கு 2,400 மணி நேரம் உங்கள் கைக்குத் திரும்பி வருகிறது. "ஊர் சுற்றுவேன், புத்தகம் படிப்பேன்" என்று இரண்டு வரி எழுதி அதை நிரப்ப முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன வேலை, எங்கே, யாரோடு என்று எழுதுங்கள். குறைந்தது மூன்று கட்டங்களிலாவது நீங்கள் வராவிட்டால், "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும். வேலை போனதும் சம்பளத்தோடு சேர்ந்து போவது அந்தக் கேள்விதான். யாருக்காவது பாடம் சொல்லிக் கொடுப்பது, ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்த்துக்கொள்வது, பாட்டு வகுப்பு, பகுதிநேர வேலை என்று எதுவாகவும் இருக்கலாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938 முதல் ஒரே குழுவினரின் வாழ்க்கையைத் தொடர்ந்து கவனித்து வரும் ஆய்வு ஒன்று உண்டு. 50 வயதில் தங்கள் உறவுகளில் நிறைவாக இருந்தவர்கள்தான் 80 வயதில் அதிக ஆரோக்கியத்தோடு இருந்தார்கள் என்பது அதில் தெரிந்தது. ஆகவே இந்தக் கட்டங்களுக்கான ஆட்களை, வேலையில் இருக்கும்போதே, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தேடிக்கொள்ளுங்கள்.

கணவன் மனைவி இருவரும் தனித்தனியாக எழுதி, அப்புறம் தாளை மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி அப்படிச் செய்தார்கள். கணவர் எல்லாக் காலைக் கட்டத்திலும் "இருவரும் சேர்ந்து" என்று எழுதியிருந்தார். அந்த அம்மா அதே கட்டங்களில் "நான் மட்டும், அமைதியாக" என்று எழுதியிருந்தார். யாரும் யாரையும் வெறுக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் பகலில் வீடு அந்த அம்மா வசம் இருந்தது, அவ்வளவுதான். முன்கூட்டியே பேசிக்கொண்டதால் காலையில் கணவர் வெளியே போகிற மாதிரி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இந்தப் பேச்சு ஓய்வுக்குப் பிறகு நடந்தால் சண்டையாகத்தான் நடக்கும்.

இப்போது பணத்துக்கு வருவோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் ஆகக்கூடிய செலவை எழுதி, வீட்டுச் செலவு, மருத்துவம், இன்ஷூரன்ஸ், எப்போதாவது வரும் வீட்டு ரிப்பேர் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுச் செலவைக் கண்டுபிடியுங்கள். அடுத்தது விலைவாசி. 72-ஐப் பணவீக்க விகிதத்தால் வகுத்தால், செலவு இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்று தோராயமாகத் தெரியும். 6 சதவீதம் என்றால் 12 ஆண்டு. அதாவது 60 வயதில் 100 ஆன செலவு 72 வயதில் 200, 84 வயதில் 400. பென்ஷன் விலைவாசியோடு சேர்ந்து உயருமா, இல்லை கடைசிவரை அதே தொகைதானா என்பதை இன்றே விசாரியுங்கள். முழுத் திட்டமும் அந்தப் பதிலில்தான் நிற்கிறது.

சேமிப்பிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு, 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் ஒரு கணக்குச் சொன்னார். முதல் ஆண்டு மொத்தத்தில் 4 சதவீதம், பிறகு ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொள்வது. அப்படி எடுத்தால் 30 ஆண்டு தாங்கும் என்றார். அது அமெரிக்கப் பங்கு, கடன்பத்திரங்களின் பழைய வரலாற்றை வைத்துப் போட்ட கணக்கு. விலைவாசி வேகமாக ஏறும் இடத்திலும், சீக்கிரமே வேலையை விடுகிறவர்களுக்கும் 3 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம். ஓய்வு பெற்ற முதல் சில ஆண்டுகளில் சந்தை சரிந்தால் அடி பலமாக விழும். இறங்கின விலைக்கு விற்றுச் சாப்பிட்ட பணம், சந்தை மறுபடி ஏறும்போது உங்களிடம் இருக்காது. அதனால் இரண்டு மூன்று ஆண்டுச் செலவுக்கான தொகை பாதுகாப்பான வைப்பில் இருக்கட்டும்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. சம்பளம் வரும் காலத்திலேயே ஆறு மாதம், ஓய்வுக்குப் பின் வரப்போகிற பணத்தில் மட்டும் குடும்பம் நடத்திப் பாருங்கள். மிச்சத்தைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். எங்கே இடிக்கிறது என்று இரண்டாவது மாதமே தெரிந்துவிடும்.

உடம்பைத் தாளில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீழே விழாமல் இருக்க, சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும் என்றும் சொல்கிறது. நடந்தால் போதும் என்று பலர் இந்த இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

காகிதங்களை இப்போதே சரிபாருங்கள். எல்லா ஆவணங்களிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா, நாமினி யார், உயில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியதால் மாதக்கணக்கில் நின்ற கோப்புகள் என் மேசையில் இருந்திருக்கின்றன. எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று ஒரே பக்கத்தில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் காட்டுங்கள்.

வீட்டை விற்பது, ஊர் மாறுவது, பெரிய தொகையைத் தொழிலில் போடுவது, பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது இவற்றையெல்லாம் ஓய்வு பெற்ற முதல் ஓர் ஆண்டு முடியும்வரை தள்ளிவையுங்கள். மொத்தப் பணம் கைக்கு வந்த வாரத்தில் யோசனை சொல்ல நிறையப் பேர் வருவார்கள். அவர்களிடம், "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். வேறு ஊருக்குப் போகும் ஆசை இருந்தால், அங்கே சில மாதம் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.